வெந்நீர் வந்துபோன பாறை

பூமிக்கு அடியில் கொதித்த தண்ணீர் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வருமா? அரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அல்தாப் இப்படிக் கேட்டது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னிடம். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. பாதி டீயை வைத்துவிட்டு நடையைக் கட்டினார். ஓரிடத்தில் உட்கார அவருக்கு வராது.

மீசை முளைத்த வயதில் போர்வெல் லாரி ஏறியவர். சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போய்க்கொண்டே இருப்பார். வந்த பையை மனைவி ஹுமேரா பிரிப்பதற்குள் அடுத்த லாரி கூப்பிட்டுவிடும். அப்படிப்பட்டவருக்குப் போன வருடம் ஊர்ப்பக்கமே வேலை கிடைத்தது. கனிமம் தேடும் குழு ஒன்று சித்தேரி மலையடிவாரத்தில் முகாம் போட்டு, துளை போடும் ரிக்கை ஓட்ட ஆள் தேடியது. ஹுமேரா முதல்முறையாக அவருடைய துணிகளை பீரோவில் அடுக்கினாள்.

துளை போட்டது விவசாயி சென்றாயனின் காட்டில். மரவள்ளி விளையும் செம்மண்ணின் குறுக்கே வெள்ளை வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், ஒரு கரைபோல ஓடியது. அது எப்படி வந்தது என்று குழுவின் நிலவியலாளர் சகாயமேரி ஒருநாள் சொன்னார். நம் ஊர் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதல்லவா, அதுபோலத்தான். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் ஆழத்தில் சூடேறிய தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியே மேலே வந்திருக்கலாம். தரைக்குக் கிட்டே வந்து கொதித்து ஆறும்போது, கரைத்துக் கொண்டுவந்ததை அங்கேயே விட்டுவிடும். சில இடங்களில் கண்ணுக்குத் தெரியாத தங்கத்தையும்.

அதனால் முகாமில் தங்கம் அணியக் கூடாது. ஒரு பொட்டு உரசினாலும் கணக்குக் கெட்டுவிடும். சகாயமேரியே கல்யாண மோதிரத்தை ஜீப்பில் கழற்றி வைத்துவிட்டுத்தான், துளையிலிருந்து வரும் பாறைத் தூளை ஆழவாரியாகப் பிடித்த மூட்டைகளைத் தொடுவார்.

முதல் துளையின் மேல் மூட்டையில் தங்கம் இருப்பதாகப் பெங்களூர் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. அதற்குக் கீழிருந்த மூட்டைகளில் ஒன்றுமில்லை. ஆனாலும் தரைக்குக் கிட்டே தங்கம் என்பது அந்த வெந்நீர்க் கதைக்கு அப்படியே பொருந்தியது. இன்னும் பல துளைகள் போடலாம், முகாம் நீடிக்கும் என்று பேச்சு வந்தது. ஊருக்குள் அதுவே தங்கச் சுரங்கமாகிவிட்டது. சென்றாயன் நடவை நிறுத்தினார். மழை பெய்து மண் பதமாக இருந்தும், நறுக்கிய மரவள்ளிக் குச்சிகள் வேப்பமர நிழலில் வாடிக் கிடந்தன.

அந்தக் குச்சிகளைக் கடந்து போகும்போதெல்லாம் அல்தாப்புக்கு என்னவோ உறுத்தியது. எதுவென்று தெரியவில்லை. ஒரு மத்தியானம் சென்றாயனின் மனைவி ராணியம்மாள் மோர் கொண்டுவந்தார். அவருடைய மூக்கு ஓட்டையில் விளக்குமாற்றுக் குச்சி செருகியிருந்தது.

"மூக்குத்தி எங்கங்க ஆயா?"

"ஒடஞ்சு போனத வச்சிக்கினு என்ன பண்றது? மொதோ நாளு பூச போட்டமே, அந்தக் குழியிலதான் போட்டன். நீங்கதான பக்கத்துல நின்னீங்க."

போர் போடும் இடமெல்லாம் அல்தாப் பார்த்ததுதான். மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். முடிந்தவர்கள் ஒரு பொட்டுத் தங்கம். தண்ணீருக்குப் போடும் துளையில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அவர் ஒதுங்கி நின்று, கற்பூரம் அணைந்ததும் ரிக்கை இயக்குவார். அன்றும் பழக்கத்தில் அதையேதான் செய்தார்; இது தங்கம் தேடும் துளை என்பது நினைவில் இல்லை. ராணியம்மாளும் தண்ணீர் வரும் என்றுதான் கும்பிட்டிருந்தார்.

சொன்னால் முகாம் கலையும், வீட்டோடு கிடைத்த வேலை போகும். சொல்லாவிட்டால் சென்றாயனின் வெள்ளாமை போகும். அன்றுதான் அவர் டீக்கடையில் அந்தக் கேள்வியைக் கேட்டார். உண்மையாகவே தங்கம் வந்திருந்தால் எதையும் சொல்ல வேண்டியதில்லையே என்ற நப்பாசை. வீட்டில் ஹுமேராவிடம் சொன்னார். அவள் பீரோவைப் பார்த்தாள்.

"அந்தக் குச்சி இன்னும் எத்தன நாளு தாங்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

விடிந்ததும் சகாயமேரியிடம் போய்ச் சொல்லிவிட்டார். அவர் திட்டவில்லை. பழைய துளைக்குப் பக்கத்திலேயே பூசை இல்லாமல் இன்னொன்று போடச் சொன்னார். வந்த முடிவில் தங்கமே இல்லை. வெந்நீர் தங்கத்தைக் கொண்டுவரும், ஆனால் வெங்கச்சங்கல் இருக்கும் இடமெல்லாம் கொண்டுவராது என்று சொல்லிவிட்டு அவர் கூடாரத்தைப் பிரித்தார்.

சென்றாயன் இரண்டு நாள் காட்டுப்பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் குச்சிகளை எடுத்துப் பார்த்தார். பாதிக்கு மேற்பட்ட குச்சிகளில் உயிர் இருந்தது; அவற்றை நட்டார். ராணியம்மாளுக்கு வேறு கவலை.

"அந்தப் பெங்களூர்க்காரங்க எம் மூக்குத்திய திருப்பித் தருவாங்களா?"

"அது தூளாப் போயிருச்சுங்க ஆயா."

"தண்ணியும் வரல, மூக்குத்தியும் போச்சு. நல்லா ஓட்டுனீங்க போ வண்டி."

அல்தாப் இப்போது மத்தியப் பிரதேசத்தில் எங்கோ லாரியில் இருக்கிறார். ஹுமேரா அவர் துணிகளைப் பீரோவிலிருந்து இன்னும் எடுக்கவில்லை.

சென்றாயன் காட்டில் தங்கம் இருக்கிறது என்ற பேச்சு மட்டும் போகவில்லை. யார் யாரோ கடப்பாரையோடு வந்து மரவள்ளியைப் பிடுங்கிப் போட்டுக் குழி தோண்டுகிறார்கள். அதனால் இதைப் படித்தவர்கள், அரூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடமாவது சொல்லுங்கள். அங்கே இருந்த தங்கம் ராணியம்மாளுடைய உடைந்த மூக்குத்தி. அதுவும் இப்போது அங்கே இல்லை.