ஹெட் கேஸ்கட் போனதாகச் சொல்லப்பட்ட வேன்

மாமாவின் டீசல் வேன் தண்ணீர் குடித்தது. காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் மட்டம் இறங்கியிருக்கும். எங்கும் ஒழுக்கு இல்லை. ஸ்டார்ட் பண்ணியதும் வெள்ளைப் புகை வரும். இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டவர்கள் நாங்கள் இருந்த குறிஞ்சிப்பிட்டியில் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: ஹெட் கேஸ்கட்.

எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடு அது. எரிந்துபோனால் தண்ணீர் நெருப்புப் பக்கம் போகும். எஞ்சினின் காற்று தண்ணீர்ப் பக்கம் வரும். தலையைக் கழற்றாமல் மாற்ற முடியாது. பழைய எஞ்சினில் தலையைக் கழற்றினால் கூடவே என்னென்ன கழன்று வரும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

அந்த வேனில்தான் மாமா மன்னாருக்குத் திரும்பிப் போக இருந்தார். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு அங்கிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே முகாமுக்கு வந்தவர். போர் முடிந்ததும் அங்கே தன் காணியில் காடு வெட்டி, இரண்டு அறை கட்டி, கூரையும் போட்டாயிற்று. சாமான்களும் மாமியும்தான் மிச்சம். மாமி என் வாப்பாவின் தங்கை. வரமாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வேனைப் பற்றித்தான் சொன்னார்.

"அந்தப் புகை நான் காயப்போட்ட உடுப்பில எல்லாம் அடிக்குது. இதில ஏறிப் போய் காட்டு வழியில நிண்டா ஆருக்கிட்டப் போறது?"

பயணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மாமா புகையைப் பார்த்துக் கவலைப்பட்டார். மாமி வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் புகையை விவரித்தார்.

மாம்புரியில் மீன் லொறிகள் திருத்தும் மெக்கானிக் பாஸ் ஒருவர் இருந்தார். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று அவர் சொன்னதால், வேனை முதல் நாளே தென்னங்காணிக்குள் இருந்த அவருடைய கராஜில் விட்டுவிட்டு, காலையில் மூவரும் பஸ்ஸில் போனோம். மாமி கராஜ் ஒன்றுக்கு வருவது அதுவே முதல் தடவை.

பாஸ் எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்தார். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். இது பால் விடாத தேத்தண்ணி போலக் கறுப்பாக இருந்தது.

"பிளேன்டிதான்," என்றார்.

மாமி எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் வெள்ளையாத் தெரியல்லியா?"

"அது ஒங்கட கண்ணாடியில வெளிச்சம், ராத்தா."

அடுத்து ரேடியேட்டர் வாயில் ஒரு சொப்பிங் பேக்கை ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டினார். தகடு எரிந்திருந்தால் காற்று தண்ணீருக்குள்ளால் வந்து பையை ஊதும். காற்று வேறு வழியால் போகாதபடி வாய்க்குப் பக்கத்திலிருந்த சிறு குழாயை அடைக்கக் குனிந்தவர், அதன் மறுமுனை எதிலும் சேராமல் தரையைப் பார்த்துத் தொங்குவதைக் கண்டார். குழாயை மடித்துக் கட்டிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தார்.

வெள்ளைப் புகை வந்தது. எஞ்சின் சூடாகச் சூடாக மெலிந்து, பிறகு காணாமல் போனது.

"தண்ணிப் புகை எண்டா நிக்காது. இது கிழடு விடிய எழும்பி இருமுற மாதிரி," என்றார் பாஸ்.

பையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஒரு தரம் அசைந்தது.

"ஊதுது!" என்றார் மாமி.

கடற்காற்று. பாஸ் நகர்ந்து வந்து மறைத்து நின்றார். பை படுத்துவிட்டது.

"நானா, காலையில தண்ணி எவ்வளவு ஊத்துறீங்க?" என்று மாமாவைக் கேட்டார்.

"நிரப்பித்தான்."

"நிரப்பி எண்டா?"

"வாய் வரைக்கும். தளும்பத் தளும்ப."

இதில் என்ன பிழை என்று மாமாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. தண்ணீர் பவுசர் லொறி அடுத்து எப்போது வரும் என்று தெரியாமல் முகாமில் பழகிய கைகள் எங்களுடையவை. குடமோ வாளியோ கேனோ, இடம் விட்டு யாரும் பிடிப்பதில்லை.

சூடாகும் தண்ணீர் பெருகும். பெருகியதைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க ஒரு போத்தல் இருக்க வேண்டும். மாமாவின் வேனில் அது என்றோ உடைந்திருந்தது. கூடுதலானதை வேன் தினமும் தெருவில் ஊற்றியது. மாமா தினமும் அதை நிரப்பினார்.

"கேஸ்கட்டுக்கு ஒண்டும் இல்ல. போத்தல் ஒண்டு போட்டுத் தாறன். மன்னார் என்ன, யாழ்ப்பாணமும் போகலாம்."

மாமா சிரித்தார்.

"தலையக் கழத்திப் பாக்காமச் சொல்றீங்க, தம்பி," என்றார் மாமி.

"நல்ல தலையக் கழத்தினாத்தான் ராத்தா கரச்சல்."

மாமி படுத்துக்கிடந்த பையைப் பார்த்தார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப வேன் நல்லம்."

"ஓம்."

"நான் வரல்ல."

பாஸ் எஞ்சினை நிறுத்திவிட்டு, சுத்தமாக இருந்த ஸ்பானர் ஒன்றைத் துடைக்கத் தொடங்கினார்.

"இவ்வளவு நாளும் சொல்லல்லியே," என்றார் மாமா.

"நீங்க கேக்கல்லியே. வேனுக்கு என்னெண்டுதானே கேட்டுத் திரிஞ்சீங்க. பிள்ளைகள் இஞ்ச, பேரப்பிள்ளைகள் இஞ்ச. அங்க ஆரு இருக்கா? மையவாடியில அடங்கி இருக்கிறவங்கதான்."

"என்ட உம்மாவும் வாப்பாவும் அதிலதான் இருக்காங்க."

பாஸ் போத்தலைப் பூட்டி முடித்ததும் மாமி போய் வேனில் ஏறினார். திரும்பி வரும்போது வேனின் சூட்டு முள் நடுவிலேயே நின்றது.

அடுத்த கிழமை சாமான்கள் பிரிந்தன. கட்டில் மாமாவுக்கு, அலுமாரி மாமிக்கு. மாமி அவருக்குச் சட்டி பானை கட்டிக் கொடுத்தார். சோற்றுப் பானை சிறியதாக இருந்தது.

"இது காணுமா?" என்றார் மாமா.

"ஒரு ஆளுக்குக் காணும்."

"ஆக்கள் வந்தா?"

"வந்தாப் பாப்பம்."

மாமா குசினிக்குள் போய்ப் பெரிய பானையையும் எடுத்துவந்து ஏற்றினார். மாமி தடுக்கவில்லை.