பாண்டுங்கிலிருந்து வந்த பாங்கு

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருஷமாகத் தயங்கினேன். ஓ.எல்., அதாவது பதினோராம் வகுப்பு, வரை படித்தவள் கணினியைப் பற்றி என்ன எழுதுவது என்பது ஒரு காரணம். மற்றது, ஒருத்தி தன் நோன்பைப் பற்றித் தானே எழுதினால் முகஸ்துதி, ஊருக்குக் காட்டும் பெருமை, கலந்துவிடுமோ என்ற பயம். ஆனால் இதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. முகம் தெரியாத சிலர் செய்த நன்மையைச் சொல்லாமல் மௌத்தாகி மண்ணுக்குள் போகக் கூடாது என்றுதான் பிஸ்மி சொல்லித் தொடங்குகிறேன்.

2009இல், குளிர் ஆரம்பிக்கும் நேரம், நாங்கள் ஊரிலிருந்து மெல்பன் நகரத்துக்கு வந்து, அதன் ஓரத்தில் கிரெய்கிபர்னில் குடியேறினோம். எல்லாம் புது வீடுகள், புது வேலிகள். பள்ளிவாசல் பாங்குச் சத்தம் மட்டும் இல்லை. அதைக் கேட்டே வீட்டுவேலையை நகர்த்திப் பழகிய எனக்கு, நாள் முழுக்க ஒரே மாதிரி நீண்டு கிடந்தது.

கணவருக்குக் கம்பனி ஒன்றில் கணினி திருத்தும் வேலை. அங்கே கழித்துப்போட்ட கணினிப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து குசினி மேசையில் வைத்தார். தொழுகை நேரம் வந்தால் பாங்கு சொல்லும் புரோகிராம் ஒன்றும் அதில் இருந்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஊரில் நாங்கள் வாங்கிய சீடியெல்லாம் களவுக் கொப்பி என்று அவரே சொன்னது ஞாபகம் வந்தது.

"இதுவும் களவுச் சாமானா? களவெடுத்த பாங்கக் கேட்டு நான் தொழ மாட்டன்."

"இல்ல புள்ள. ஆக்கினவங்களே எடுங்க, திறந்து பாருங்க, பிழையிருந்தாத் திருத்துங்க, மத்தவங்களுக்கும் குடுங்க எண்டு விட்டது. ஓப்பன் சோர்ஸ் எண்டு சொல்ற."

"சும்மாவா?"

"ஓம், சும்மாதான்."

"அப்ப அவங்க என்னத்தச் சாப்பிடுற?"

அவர் சிரித்துவிட்டு விளக்கினார். எழுதியவர் இந்தோனேசியாவில் பாண்டுங் நகரத்துக்காரர், வேலை முடிந்து வந்து எழுதுகிறவர். பாங்கு சொன்ன குரல் பினாங்கில் உள்ள ஒருவருடையது. தமிழ்ச் சொற்களைப் போட்டது சென்னையில் ஒரு சகோதரி. எனக்கு ஊரில் கந்தூரி விருந்துக்குச் சமைப்பதுதான் ஞாபகம் வந்தது. அரிசி ஒரு வீடு, தேங்காய் ஒரு வீடு, விறகு ஒரு வீடு, சோறு எல்லோருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் அந்த மூன்று பேருக்கும் நலம் வேண்டித் துஆ கேட்டேன். பெயர் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே.

அந்த ரமழானில் வயிற்றுக் கட்டியால் நான் சில நோன்புகளை விட்டேன். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். பிறகு மாதக்கணக்கில் மருந்து, நோன்பு பிடிக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மயக்க மருந்தில் படுக்கப் போகிறவள் எழும்புவாளா என்று யாருக்குத் தெரியும்? கடன் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்று, பெருநாள் கழிந்ததும் விட்ட நோன்புகளைக் கழாவாக, ஈடாக, பிடிக்கத் தொடங்கினேன். கடைசி நோன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அன்று விடியத்தான் இந்த நாட்டில், வெயில் காலம் வருகிறது என்று, மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். எங்களுக்கு அது முதல் தடவை. கணவர் சுவர் மணிக்கூட்டை முன்னுக்கு நகர்த்தி வைத்தார். கணினி தானாகவே மாறிக்கொண்டது. பின்னேரம் முழுக்க மழை, இருட்டு. முதல் நாள் போலவே ஆறரைக்குக் கொஞ்சம் முன் பெட்டி பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம் கடித்து, கஞ்சியும் குடித்தேன்.

கோப்பை பாதியில் இருக்கும்போது மேகம் விலகி, ஜன்னல் வழியே வெயில் வந்து கஞ்சியின் மேல் விழுந்தது.

நான் வாயில் கிடந்ததைத் துப்பினேன். கணவர் வெளியே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, பொழுது பட இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது என்று திரும்பி வந்தார். நாட்டின் நேரம் மாறியது கணினிக்குத் தெரிந்திருந்தது, பாங்கு சொல்லும் புரோகிராமுக்குத் தெரியவில்லை. தெரியாமல் நடந்தது, மன்னிப்பு உண்டு என்று அவர் ஆறுதல் சொன்னார். என் மனம் ஒப்பவில்லை. மௌலவியிடம் போனில் கேட்டார்.

"மறந்து சாப்பிட்டா வேற கத. பொழுது பட்டுட்டு எண்டு நினைச்சுச் சாப்பிட்டா, அந்த நோன்பத் திரும்பப் பிடிக்கத்தான் வேணும்," என்றார் மௌலவி.

எனக்கு மிச்சம் இருந்தது திங்கட்கிழமை ஒன்றுதான். உடம்பு ஏற்கெனவே சோர்ந்திருந்தது. பிடித்து முடிப்பேனோ என்று அழுதேன்.

கணவர் உடனே பாண்டுங்குக்கு மின்னஞ்சல் எழுதினார். கோபமாக எழுத வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன். விடியுமுன் ஸஹர் சாப்பிட எழும்பியபோது பதில் வந்திருந்தது, திருத்திய புரோகிராமும் வந்திருந்தது. கணவர் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல நான் கேட்டேன்.

"எங்கட நாட்டில மணிக்கூட்ட யாரும் தொடுறல்ல, இப்படி ஒரு நாடு இருக்கும் எண்டு எனக்குத் தோணவே இல்ல எண்டு எழுதியிருக்காரு. சகோதரிட நோன்பு என்னால முறிஞ்சது, அவவுக்காக நான் பிடிக்க ஏலாது, அவவோட சேர்ந்து பிடிக்கிறன் எண்டும் சொல்றாரு."

உண்மைதான். பினாங்கிலும் சென்னையிலும் கூட மணிக்கூடு அசைவதில்லை. மூன்று நாட்டுக்காரர் பார்த்தும் பிழை பிடிபடாததற்கு அதுதான் காரணம். அடுத்த மின்னஞ்சலில் பினாங்குக்காரரும் நோன்பு வைத்திருப்பதாக எழுதினார்.

திங்கட்கிழமை பகல் மெல்லத்தான் நகர்ந்தது. தலை சுற்றியபோதெல்லாம், இதே பசியோடு பாண்டுங்கில் ஒருவர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துச் சுவரில் சாய்ந்துகொண்டேன். பின்னேரம் ஆறரை தாண்டியது. பெட்டி வாய் திறக்கவில்லை. ஏழு மணிக்குப் பிறகு கணவர் பின்வளவில் போய் வேலியோரம் நின்று மேற்கே பார்த்தார். அன்று வானத்தில் மேகம் இல்லை.

"கொம்பியூட்டர நம்பல்லையா?" என்று ஜன்னலால் கேட்டேன்.

"நம்புறன். சூரியனையும் பாக்கிறன்," என்றார்.

கடைசி வெளிச்சம் வேலிக்கு அப்பால் இறங்கியது. "பட்டுட்டு, புள்ள" என்று அவர் திரும்பவும், குசினியில் பினாங்குக் குரல் அல்லாஹு அக்பர் என்று தொடங்கவும் சரியாக இருந்தது. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் அவர்களுக்குத்தான் துஆ கேட்டேன். பாண்டுங்கில் அப்போதும் வெயில் இருந்திருக்கும். அவர் இன்னும் பசியோடு இருப்பார் என்று நினைத்துக்கொண்டே பழத்தைக் கடித்தேன். 'நோன்பு சரியாகத் திறந்தாச்சு' என்று அவருக்கு எழுதச் சொன்னேன்.

அல்ஹம்துலில்லாஹ், சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. கணவரும் அந்தப் புரோகிராம் எழுதுகிறவர்களின் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். மணிக்கூடு மாறும் நாடுகளைச் சோதிப்பது அவர் பொறுப்பு. 2013 வரும்போது டாக்கா, மிந்தனாவோ, ஜப்பானில் படிக்கும் பிள்ளைகள் என்று ஆட்கள் பெருகிவிட்டார்கள். என் துஆவும் நீண்டுகொண்டே போகிறது. தேத்தண்ணி ஆறுது என்று அவர் குறை சொல்வார்.

அந்தப் புரோகிராமை யாரும் திறக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். அதற்காகவே அப்படி விட்டிருக்கிறார்கள். இந்தக் கதையை மட்டும் மாற்றாமல் கொடுங்கள். என் நோன்பைப் பெரிதாக்கவும் வேண்டாம், பாண்டுங் சகோதரரின் பிழையைப் பெரிதாக்கவும் வேண்டாம். நான் சொன்ன மாதிரியே நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவர்களும் அவருக்காக ஒரு துஆ கேட்கட்டும்.