எஸ் வராத இடம்

"ஃபர்னிச்சருக்கு எஸ் வராது, மிஸ்டர். ஆயிரம் கதிரை இருந்தாலும் வராது." சொல்லிக்கொண்டே யூஜினா அந்த எழுத்தை அழித்துவிடுகிறாள். கொட்டாஞ்சேனையில் அவளுடைய கொமியூனிகேஷன் கடைக்கு ஆங்கிலக் கடிதம் ரைப் பண்ண வருகிறவர்கள் லக்கேஜுக்கும் இன்ஃபர்மேஷனுக்கும் தாராளமாக எஸ் போடுவார்கள். பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் "டூ டோட்டர்" என்று கஞ்சத்தனம். தமிழில் இரண்டு மாம்பழம் என்றால் போதும். ஆங்கிலம் அப்படி விடுமா?

"டூ எண்டு சொன்னாப் பிறகு எஸ் என்னத்துக்கு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார் கிளெமென்ற். பாவம் மனிதர், போட்டோக்கொப்பி எடுக்க வந்தவர். கால் மணித்தியாலம் பாடம் கேட்டுவிட்டுத்தான் போனார். தன் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்று தேடும்போதுகூட யூஜினா "ஸ்பெக்டகிள்ஸ்" என்று எஸ்ஸோடுதான் புலம்புவாள்.

போன கிழமை யோசெப்பின் அன்ரி விசா விண்ணப்பத்துக்காக வந்தார். கனடாவில் இருக்கும் இளைய மகன் கிறிஸ்ரி முன்னமே போனில் சொல்லியிருந்தான்: "அக்கா, மகன் எண்டு என்னை மட்டும் போடுங்கோ. அண்ணாவையும் போட்டா நூறு கேள்வி கேப்பாங்கள். அம்மா இஞ்ச வந்து சேரமாட்டா." அண்ணன் வலன்ரைன் கப்பல் வேலைக்குப் போனவன். ஆறு வருஷமாக ஒரு தகவலும் இல்லை.

கிறிஸ்ரி சொன்னபடியே யூஜினா ரைப் பண்ணித் திரையைக் காட்டினாள். அன்ரிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது, எழுத்துகள் மட்டும் தெரியும். விரலை வைத்துக்கொண்டே போனவர் கிறிஸ்ரியின் பெயருக்குப் பக்கத்தில், மகன் என்பதற்குப் போட்டிருந்த 'சன்' என்ற சொல்லில் நின்றார்.

"எஸ்ஸைக் காணேல்லையே, பிள்ளை. ரெண்டெண்டா கடைசியில எஸ் வருமெண்டு நீதானே எல்லாருக்கும் சொல்லுறனி?"

"கிறிஸ்ரிதான் சொன்னவன், அன்ரி. மாத்தினா விசா கிடைக்காமலும் போகலாம்."

"கிடைக்காட்டிப் போகட்டும். எனக்கு ஒரு மகன்தான் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

ஐயோ, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த இலக்கணத்தைச் சொல்வது? யூஜினா கீபோர்ட்டை அவர் பக்கம் திருப்பி எழுத்தைக் காட்டினாள். "நீங்களே அமத்துங்கோ, அன்ரி."

அன்ரி அமத்தினார். அமத்திய விரலை எடுக்கவில்லை. எஸ், எஸ், எஸ் என்று ஒரு வரி நிரம்பி அடுத்த வரிக்கும் ஓடியது. யூஜினா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்; ஒரு எஸ்ஸையும் அழிக்கவில்லை.