பால் பிடித்த நெல்

எண்பதுகளின் தொடக்கம். ஏரிப் பாசனத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதோடு இணைப்பதற்காக, மானாம்பதி ஏரித் தண்ணீர் பாயும் நிலங்களின் சர்வே நம்பர் விவரங்களுக்கு நகல் கேட்டு தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் நிலத்தை நேரில் பார்க்கப் போனேன். உத்திரமேரூர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஏரிக்கரைக்கு நடந்தால், ஒரு விவசாயியும் அவர் மனைவியும் பச்சைப் பயிரை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கதிரில் அப்போதுதான் பால் பிடித்திருந்தது.

"முத்தறதுக்குள்ள ஏங்க அறுக்கறீங்க?" என்று பதறினேன்.

"சர்க்கார் நெலத்த எடுத்துக்கப் போவுதாம்மா. யாரோ மெட்ராஸ் அம்மா எங்க சர்வே நம்பரெல்லாம் கேட்டு மனு போட்டுகீதாம். நெல்லுதான் வூடு வராது, மாட்டுக்காவது ஆவட்டும்னு அறுத்துக்கினு கீறோம்."

அரை வயல் அதற்குள் தரையில் கிடந்தது.

"அந்த மனு போட்டது நான்தாங்க. படிப்புக்காகக் கேட்டேன். நிலத்தை யாரும் எடுக்கப் போறதில்லை" என்றேன்.

அந்தம்மா அரிவாளோடு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவர் என்னையே பார்த்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்போ நெலம் எங்களுதுதானாம்மா?"

"உங்களுதுதாங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அறுக்காதீங்கடா! நெலம் நம்மளுதுதான்!" என்று கத்திக்கொண்டே அடுத்த வயல்களில் அறுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து ஓடினார்.

உதவித்தொகை கிடைத்தது. அதற்குப் பிறகு எந்த ஊரைப் பற்றி நகல் கேட்பதானாலும், முதலில் அந்த ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் மனு எழுதுகிறேன்.