சோக் போட்ட பிறகு

பாட்டுக் கேட்க நானே செய்த வால்வு பிரீஆம்ப்ளிஃபயரின் இரைச்சலை அடக்க, பவர் சப்ளையில் சேர்க்கும் சோக் என்ற கம்பிச்சுருளுக்கு ஒரு மாதம் கணக்குப் போட்டேன். இன்று அதைப் பொருத்தியதும் இரைச்சல் சுத்தமாக நின்றது. கொண்டாட வேண்டியவன், ஐம்பது வயதில் தெருவுக்கு ஓடிவந்து வானத்தில் புகை தேடிக்கொண்டிருக்கிறேன்.

சிறுவயதில் எங்கள் வீட்டு வால்வு ரேடியோ ஓயாமல் இரையும். நாரணாபுரத்தில் அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்தால், எங்கள் தெருவுக்கும் சேர்த்து மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாள் ரேடியோவின் இரைச்சல் நின்றது. தெருவே வெளியே வந்து புகை தேடியது. நான் அழுதேன்.

செருப்பில்லாமல் ஓடிவந்தாள் அம்மா. "அங்கன ஒண்ணுமில்லலே. கரண்டு போனதும், நீ ரேடியோவ நோண்டி ஷாக்கடிச்சுக் கெடக்கியோன்னுல்ல ஓடியாந்தேன்!"

"நடுரோட்டுல எதுக்கு நிக்கிறீக?" என்கிறாள் இப்போது என் பின்னாலேயே வந்த மனைவி.

"ஆம்ப்ளிஃபயர் சரியாயிருச்சு" என்கிறேன்.