மடியில் ஓடிய வண்டி

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரை ஒரு ஜீப் டிரைவர்தான் சோதித்துப் பார்த்து வாங்கினார். அவர் என் தாய்மாமா. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களைக் கோம்பையிலிருந்து விடிகாலையில் ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறிக் கேரளத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிவருவது அவர் பிழைப்பு. எந்த மிஷினைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: ஏத்தத்தில் இழுக்குமா? அம்மா கிரைண்டர் வாங்கும்போதும் கடைக்காரரிடம் அதையேதான் கேட்டார்.

லேப்டாப் வேண்டும் என்று ஆசைப்பட்டது அண்ணன். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது, நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அண்ணனால் நடக்க முடியாது. சின்னதில் தெருவெல்லாம் ஓடித் திரிந்தவன்தான் என்பார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் உட்கார்ந்தே இருந்தான். மதுரை டாக்டர்கள் அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் சொல்வார்கள். வீட்டில் என்னிடம் சொன்னது, “அண்ணனுக்குக் காலு வராது, அம்புட்டுத்தான்” என்பது. நானும் அம்புட்டுத்தான் என்றே நம்பினேன். அடுப்பை அணைத்தோமா, கொல்லைக் கதவைச் சாத்தினோமா, கிணற்று மோட்டாரில் கை வைத்தால் ஷாக் அடிக்குமா என்று சதா பயந்துகொண்டிருந்த நான், பயப்பட வேண்டிய அந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை.

மாமாவைப் போல மெட்டில் ஜீப் ஓட்ட வேண்டும் என்பது அண்ணனின் கனவு. அது நடக்காது என்பதால், மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைத் தூக்கிக்கொண்டு போய் உத்தமபாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்காரவைப்பார். அங்கே மலைப்பாதையில் காரோட்டுகிற கேம் ஒன்று இருந்தது. அண்ணன் ஓட்ட, மாமா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, “கியர மாத்துடா, ஆரன் அடிடா” என்று சத்தம் போட, மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு அந்த நாற்காலியில் அவனால் நிமிர்ந்து உட்கார முடியாமல் போயிற்று. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து விழுந்தான். போவது நின்றுவிட்டது. அண்ணன் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காமலிருந்ததைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை. “நாமளே ஒண்ணு வாங்கிருவோம்லே” என்றார்.

மேஜையில் வைக்கிற கம்ப்யூட்டர் எங்களுக்கு ஆகாது. அண்ணனின் இடம் மாறிக்கொண்டே இருக்கும். காலையில் கட்டில், உச்சிப்பொழுதில் திராட்சைப் பந்தல் நிழல், சாயங்காலம் மாமாவின் ஜீப்பில் பின்சீட்டு. அப்பாவும் அம்மாவும் எங்கே வேலை பார்க்கிறார்களோ அங்கே அவனையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவனோடு கூடவே போகிற மாதிரி ஒன்று வேண்டும். அதில் அந்தக் கார் கேம் திக்காமல் ஓட வேண்டும். விலை எங்கள் திராட்சை வருமானத்துக்குக் கட்டுப்பட வேண்டும். மூன்றும் ஒரே பெட்டியில் கிடைப்பது லேசல்ல என்று அண்ணன் சொன்னான். மாமா தேனி பஸ் ஸ்டாண்டில் வாங்கிவந்த பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் படித்துப் படித்து அவன் ஒரு நிபுணராகவே ஆகியிருந்தான். எனக்குப் புரியும்படி ஜீப்பை வைத்துச் சொல்வான்.

“கிராபிக்ஸ் கார்டுங்கிறது இஞ்சின் பாப்பா. ராம்னா பின்னாடி எத்தன பேரு ஏறலாங்கிறது. பேட்டரிதான் டேங்கு. இஞ்சின் பெருசா இருந்தா விலையும் ஏறும், வெயிட்டும் ஏறும், டேங்கும் சீக்கிரம் காலியாகும். சின்னதா இருந்தா மேட்டுல நின்னுரும். நடுவுல ஒண்ணு இருக்கும். அதத்தான் கண்டுபிடிக்கணும்.”

பழம் வெட்டு முடிந்ததும் தேனிக்குக் கிளம்பினோம். அம்மா அண்ணனைத் தலைக்குக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசிவிட்டாள்.

“என்னக்கா, மாப்ளைக்குப் பொண்ணு பாக்கவா கூட்டிட்டுப் போறேன்?” என்றார் மாமா.

“வாய மூடுறா” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு இன்னொரு முறை அவன் தலையைச் சீவினாள்.

கடை மாடியில் இருந்தது. மாமா அண்ணனை முதுகில் போட்டு ஏறினார். டை கட்டிய ஒரு பையன் வந்து அப்பாவைப் பார்த்து, “படிக்கிறதுக்கா சார்?” என்று கேட்டான்.

“கேமு ஆட” என்றார் அப்பா.

“கேமுக்குன்னா பட்ஜெட் கொஞ்சம் கூடும் சார்.”

“கூடட்டும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கத்திரி நாற்று வாங்கினால்கூட அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர் அப்பா. அவருடன் சந்தைக்குப் போகவே நான் வெட்கப்படுவேன். அந்த மனிதர் அன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கேட்ட விலைக்கெல்லாம் தலையாட்டினார். யாரோ மந்திரம் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் இரண்டு தேறின. ஒன்று கறுப்பு, பெரியது. இன்னொன்று வெள்ளி நிறம், கொஞ்சம் சின்னது, விலையும் குறைவு. அண்ணன் கொண்டுவந்த சிடியை இரண்டிலும் போட்டுக் காட்டச் சொன்னான். கடைப்பையன் தயங்கினான். மாமா அவன் தோளில் கை போட்டு, “தம்பி, ஓட்டிப் பாக்காம எவனாச்சும் வண்டி எடுப்பானா?” என்றதும் போட்டான்.

கறுப்பில் அந்தக் கேம் வேறு மாதிரி இருந்தது. வளைவுகளில் பனி மிதந்தது. காரின் கண்ணாடியில் ஈரம் படிந்து வழிந்தது.

“மாமா, பனி தெரியுது மாமா” என்றான் அண்ணன். அவன் காது மடல்கூடச் சிவந்திருந்தது.

“நம்ம மெட்டேதான்டா. அந்தா, அங்கனதான் போன வருசம் எனக்கு டயரு வெடிச்சது” என்றார் மாமா.

வெள்ளியில் பனி இல்லை. மரங்கள் அட்டையில் வெட்டி நட்டவை போலிருந்தன. கார் மட்டும் திக்காமல் ஓடியது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அப்புறம் மாமா தன் சோதனையைத் தொடங்கினார். மெட்டு ஏறி முடித்ததும் ஜீப் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். சூட்டை வைத்தே இஞ்சினின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். அதேபோல ஓடிக்கொண்டிருந்த கறுப்புக்கு அடியில் கையை விட்டவர், வெடுக்கென்று எடுத்தார்.

“தம்பி, இது இழுக்கும். ஆனா பானெட்டு கொதிக்குதே.”

“கேமிங்னா ஹீட் ஆகத்தான் சார் செய்யும். மடியில சூடு தெரிஞ்சா கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாம்.”

“இவன் எங்கிட்டுத் தள்ளி வைக்க?” என்று மாமா சிரித்தபடி சொன்னார். சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளிக்கு அடியில் கையை விட்டு, வெகுநேரம் எடுக்காமல் வைத்திருந்தார். பிறகு பேட்டரியைக் கேட்டார். ஊரில் கரண்டு போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம். அதிலும் வெள்ளிதான் கூடுதல் நேரம் நின்றது.

அண்ணனும் ஒரு சோதனை வைத்திருந்தான். இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லி, அம்புக்குறி போட்ட பட்டன்களைச் சுண்டுவிரலால் அழுத்தினான். கறுப்பில் அழுத்துவான், வெள்ளியில் அழுத்துவான், மறுபடி கறுப்புக்கு வருவான். இடக்கைச் சுண்டுவிரலால் மட்டும். கண்ணை மூடிக்கொண்டும் அழுத்திப் பார்த்தான்.

“கீபோர்டு ரெண்டும் ஒண்ணுதான் பிரதர்” என்றான் கடைப்பையன்.

“ஒண்ணு இல்லண்ணே” என்றான் அண்ணன்.

பிறகு என்னைக் கூப்பிட்டான். “பாப்பா, கறுப்பத் தூக்கு. ஒரு கையில.”

என்னால் முடியவில்லை. கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்து கையை எடுத்துவிட்டேன். வெள்ளியைத் தூக்கினேன். வந்தது. “இறக்கு. இன்னொருவாட்டி தூக்கு” என்றான். என்னை வைத்து விளையாடுகிறான் என்று கோபம் வந்தது.

“வெள்ளியவே எடுத்துருவோம்ப்பா” என்றான்.

“ஏலே, காசப் பாக்காத. எது புடிச்சிருக்கோ அத எடு” என்றார் அப்பா.

“காசுக்காக இல்லப்பா.”

“பெறகு?”

“கறுப்புல பட்டன் கனமா இருக்குப்பா.”

அப்பா ஜன்னல் பக்கம் போய், கீழே போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் அழுகை முட்டியது. “அண்ணே, இதுல பனியே தெரியாதுண்ணே!”

“பனி இல்லைன்னா ரோடு நல்லாத் தெரியும், போடி” என்றான்.

பில் போடும்போது கடைப்பையன், ஒரு வருஷ வாரண்டி சும்மா வரும், கூடப் பணம் கட்டினால் மூன்று வருஷம் கிடைக்கும் என்றான்.

“ஒரு வருசம் போதும்ணே” என்றான் அண்ணன் உடனே.

என்னால் பொறுக்க முடியவில்லை. “மூணு வருசம் போடுங்கண்ணே. எங்க ஊர்ல கரண்டு ஏறி ஏறி இறங்குது. வீட்டுல எலி இருக்கு. பந்தல்ல மருந்தடிக்கிறாக, அது உள்ள போயிரும். ஒரு வருசம் முடிஞ்ச மறுநாளே கெட்டுப்போச்சுன்னா அண்ணன் என்ன செய்வான்?”

கடைப்பையன் சிரித்தான். எங்கள் ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. மாமா தரையைப் பார்த்தார்.

“பாப்பா சொல்றபடியே போடுங்க தம்பி. மூணு வருசம்” என்றார் அப்பா.

“அப்பா, வேணாம்ப்பா.”

“போடுங்க தம்பி” என்றார் மறுபடியும். நான் ஜெயித்துவிட்ட பெருமையோடு அண்ணனைப் பார்த்தேன். அவன் என் பின்னலைப் பிடித்து மெல்ல இழுத்தான்.

திரும்பும் வழியில் மாமா வீரபாண்டியில் கோயில் வாசலில் ஜீப்பை நிறுத்தினார். புது வண்டிக்குப் பூஜை போடாமல் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதாம். பூசாரி எலுமிச்சம்பழத்தோடு வெளியே வந்து, “வண்டி எங்கப்பா?” என்று தேடினார். அண்ணன் மடியில் இருந்த லேப்டாப்பை மாமா காட்டினார். பூசாரி அதன் மூடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பழத்தை எந்தச் சக்கரத்தில் வைப்பது என்று தெரியாமல் அண்ணன் கையிலேயே கொடுத்துவிட்டார். சூடம் காட்டும்போது நெருப்புப் பொறி பட்டுவிடப்போகிறது என்று நான் பாவாடையால் லேப்டாப்பை மறைத்துக்கொண்டேன். அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அன்று அவன் சிரித்த மாதிரி பிறகு சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்த நோய் காலோடு நிற்காது, கைக்கு ஏறும், அப்புறம் நெஞ்சுக்கு ஏறும் என்பது கடையில் நின்ற அப்பாவுக்கும் மாமாவுக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். யார் அவனிடம் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறு வருஷம் மழைக்காலத்தில் சளி கட்டி, மூச்சு விட முடியாமல், மாமாவின் ஜீப்பிலேயே மதுரைக்குக் கொண்டு போனார்கள். அம்மா மடியில் தலை வைத்துப் படுத்தபடி போனவன் உயிரோடு திரும்பவில்லை. அம்மாவைத் தனியே விட்டுப் போகப் பயந்து நானும் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டேன். கேஸைத் திருகி மூடிவிட்டு மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிறவளாகவே இன்றைக்கும் இருக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி.

லேப்டாப் வந்த புதிதில் அண்ணன் மட்டும்தான் ஓட்டுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். கொஞ்ச நாள் கழித்து, “ஆக்சிலேட்டர நீ பாத்துக்க பாப்பா, நான் ஸ்டியரிங் பாக்குறேன்” என்றான். ஒரு பட்டன் என் கைக்கு வந்தது. எங்கே கொண்டு போய் மோதினாலும் காருக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்த பிறகு பயம் விட்டுப்போயிற்று. பிரேக்கையும் கொடுத்தான். பிறகு இடது பக்கத்தை. சூடு ஏறினால், “தூக்கு” என்பான். நான் ஒரு கையால் தூக்கி அவன் மடிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே தலையணை வைப்பேன். அது சுலபமாகத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம், பந்தல் நிழலில், வலது பக்கத்தையும் கொடுத்துவிட்டான். “நான் கிளீனரு. ஓரம் பாத்துச் சொல்றேன். நீ ஓட்டு.”

“எனக்கு வராதுண்ணே.”

“வரும். பள்ளத்தப் பாக்காத, ரோட்டப் பாரு. அப்பிடித்தான். லெப்ட்ல ஒடி. வரலாம், வரலாம்…”

வந்தது. எந்த வளைவிலும் மோதாமல் மலையுச்சிவரை ஏறிவிட்டேன். அண்ணன் ஒருபோதும் எடுக்காத முதல் இடம் எனக்குக் கிடைத்தது. பழக்கூடையோடு அந்தப் பக்கம் வந்த அப்பாவைப் பார்த்து அண்ணன், “என்னைய விட நல்லா ஓட்டுறாப்பா” என்றான். அவன் கைகள் இரண்டும் பாயில் பக்கத்துக்கொன்றாகக் கிடந்தன. அப்பா கூடையை இறக்கி வைத்தார். வெகுநேரம் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஓட்டு ஆத்தா” என்றார். “நிப்பாட்டாம ஓட்டு.”

அப்பாவே அசந்துபோய் நிற்கிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் தெருவில் கண்டவர்களிடமெல்லாம், அண்ணனை விட நான் கெட்டிக்காரி என்பதால்தான் அவன் வண்டியையே என்னிடம் கொடுத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.