ஒரு விரல் பிரேக்

மலைச் சைக்கிள் விற்பதில் சிவகாசியிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு. தடித்த டயர் வைத்தது, முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்தது, முன்னால் மட்டும் ஸ்பிரிங் வைத்தது என்று மூன்று வகையும் கடையில் இருக்கும். வருகிறவர்கள் தடித்த டயரைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அதையே தலையில் கட்டிவிடுவேன்.

அப்படித்தான் வேல்விழியிடமும் ஆரம்பித்தேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக்காரர். கணவர் முனியராஜோடு வந்திருந்தார். இடது கையைத் துப்பட்டா மூடியிருந்தது. வேல்விழிக்கு வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிற வேலை. பொத்தைக்குப் பின்னால் இருக்கும் ஊர்களையும் இப்போது அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். ரோட்டைச் சுற்றிப் போனால் பாதி நாள் போய்விடும். அந்தச் சின்னப் பாறைக் குன்றின் மேல் ஏறி இறங்கினால் கிட்டம், ஆனால் கல்லுப் பாதை. போய்வர வழி பண்ணிக்கொள்ளாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"தடிச்ச டயர் எடுங்க தாயி. எந்தக் கல்லுலயும் பறக்கும்" என்றேன்.

"ஓடுறது கெடக்கட்டும் அண்ணாச்சி. இதுல எது நிக்கும்?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. எனக்குச் சுருக்கென்றது. அவர் துப்பட்டாவை விலக்கிக் கையைக் காட்டினார். கட்டைவிரலும் சுட்டுவிரலும்தான் இருந்தன. பதினோரு வருஷம் பட்டாசுக்குத் திரி சொருகிய கை. ஒரு சித்திரையில் பட்டாசு ஆலை ரூம் வெடித்ததில் மிச்சம் அவ்வளவுதான்.

"வலது கை நல்லாத்தான இருக்கு, அது போதாதா?" என்றார் முனியராஜ்.

"இறக்கத்துல முன் பிரேக்க மட்டும் பிடிச்சா ஆளையே தூக்கி எறிஞ்சிரும். எடது கையில இருக்கிற பின் பிரேக்குதான் உசுரு" என்றேன்.

தடித்த டயர் வண்டியில் கேபிள் பிரேக். வேல்விழி ஒற்றை விரலால் இழுத்துப் பார்த்தார், சக்கரம் அது பாட்டுக்குச் சுற்றியது. ரெண்டு ஸ்பிரிங் வண்டியிலும் அதே கதை, கனம் வேறு. மூலையில் தூசி படிந்து கிடந்தது மூன்றாவது. முன்னால் மட்டும் ஸ்பிரிங், கம்பிக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஆயில் பிரேக். அழகில்லை என்று ஒருவரும் திரும்பிப் பார்க்காத வண்டி. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டேன். அவர் விரல் லேசாக அழுத்தியது. சக்கரம் சட்டென்று நின்றது.

"இங்கன நின்னுச்சு, சரி. பொத்தையில நிக்குதான்னு பாக்கணும்" என்றார்.

விற்காத வண்டியைத் தெருமுனை தாண்ட விடாதவன் நான். முணுமுணுத்துக்கொண்டே மினி லாரியில் ஏற்றினேன்.

பொத்தை உச்சிவரை அவரே தள்ளிக்கொண்டு போனார். கீழே நானும் முனியராஜும். மேலே அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் முனியராஜ் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கினார். கற்கள் உருண்டன. பின்சக்கரம் ஒருபக்கமாக இழுத்தது. அந்த ஒற்றை விரல் அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். சரிவு செங்குத்தாக விழும் இடத்துக்கு வந்ததும், கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நான் நினைத்த அந்த இடத்தில், வேண்டுமென்றே வண்டியை நிறுத்தினார். பாறை மேல் காலை ஊன்றிக்கொண்டு, ஏதோ பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர் மாதிரி எங்களைப் பார்த்தார். சைக்கிளோடு பிறந்து வளர்ந்தவன் நான். ஒருவர் வண்டியை நிறுத்துவதைப் பார்த்து அசந்து நின்றது அன்றைக்குத்தான்.

பிறகு அங்கிருந்து இறங்கி எங்கள் முன்னால் வந்து நின்றார். முனியராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேல்விழியோ வண்டியைப் பொத்தைப் பக்கம் திருப்பினார்.

"எங்க போற வேலு? அதான் நின்னுருச்சுல்ல?"

"ஒரு தடவ நின்னா போதுமா? அந்த ரூம்புலயும் பதினோரு வருசம் ஒண்ணும் ஆகலையே."

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மறுபடி மேலே ஏறினார். கடையை மறந்து நான் அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.